சிரிப்பும் சரிபார்ப்பும்: ‘ஃப்யூச்சராமா’ தொடரும் அதன் ரசிகர்களும்

முன்னுரை

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பர் நம் முன்னோர். சிரித்து முடித்த பின் என்ன செய்வது என்பதை அவர்கள் நமக்கே விட்டுவிட்டனர். பெரும்பாலோர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். சிலர் மட்டும் எழுவதில்லை. “இதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது?” என்று தம்மையே கேட்டுக்கொண்டு, தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மீண்டும் உட்காருகின்றனர். அத்தகையோரைப் பற்றியதே இக்கட்டுரை.

அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சியில் ‘ஃப்யூச்சராமா’ என்றொரு சித்திரத் தொடர் உண்டு. அறிவியல் புனைகதையும் நகைச்சுவையும் கலந்தது. அதன் புதிய கதை ஒன்று வெளிவந்ததும் ரசிகர்கள் என்ன செய்தனர் என்பதை நோக்கினால், மாணவர்களாகிய நமக்கும் அதில் ஒரு பாடம் இருப்பது புலனாகும்.

இதை எழுத என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. விடுதியில் ஓர் இரவு நாங்கள் நால்வர் ஒரே கைப்பேசியில் இத்தொடரின் பழைய கதை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு இயந்திர மனிதர்கள் சந்திக்கின்றனர். ஒருவன் தன் வரிசை எண்ணைச் சொல்கிறான். மற்றவன் தன் எண்ணைச் சொல்கிறான். உடனே இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். நாங்களும் சிரித்தோம். அறை நண்பன் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “நீ எதுக்குடா சிரிச்சே?” என்றான். என்னிடம் விடை இல்லை. அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவ்வளவுதான். கணிதம் மூன்றாம் ஆண்டு பயிலும் எனக்கு அக்கேள்வி முள்ளாய்த் தைத்தது. வகுப்பில் புரியாத நிறுவல்களுக்கும் இவ்வாறே எத்தனை முறை தலையசைத்திருக்கிறேன்!

தொடரின் வரலாறு

1939-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், எதிர்கால நகரம் எப்படி இருக்கும் என்று காட்டிய அரங்கு ஒன்றின் பெயர் ‘ஃப்யூச்சராமா’. அப்பெயரையே இத்தொடருக்குச் சூட்டினர். இதைப் படைத்தவர் மேட் குரோனிங். அவருடன் இணைந்து இதை உருவாக்கியவர் டேவிட் எக்ஸ். கோஹன். முதற்கதை 1999 மார்ச் 28-ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று.

கதை எளியது. ஃப்ரை என்பவன் நியூயார்க்கில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன். 1999-ஆம் ஆண்டின் கடைசி இரவில் தவறி ஒரு குளிர்பதனப் பெட்டிக்குள் விழுந்து உறைந்துவிடுகிறான். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 2999-இன் கடைசி நாளில் விழிக்கிறான். அங்கே தன் வழித்தோன்றலாகிய முதிய விஞ்ஞானி ஒருவர் நடத்தும் விண்வெளிச் சரக்கு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறான். உடன் பணிபுரிவோர் ஒற்றைக்கண் மங்கை லீலா, மது அருந்தினால்தான் இயங்கும் இயந்திர மனிதன் பெண்டர் முதலியோர். காலம் ஆயிரம் ஆண்டு கடந்தாலும் மனிதனின் பேராசை, சோம்பல், தனிமை எதுவும் மாறவில்லை என்பதே தொடரின் அடிப்படை நகைச்சுவை.

இதை எழுதியோர் யார் என்பது கவனிக்கத்தக்கது. கோஹன் ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் கற்றவர். கென் கீலர் பயன்முறைக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பில் ஓடன்கர்க் வேதியியலில் முனைவர். ஆய்வுக்கூடத்தையும் வகுப்பறையையும் விட்டு நகைச்சுவை எழுத வந்தவர்கள் இவர்கள். தாம் கற்றதை மறந்துவிட்டு வரவில்லை என்பதற்குத் தொடரே சான்று.

நிறுத்திப் பார்த்த கண்கள்

தொடரின் தொடக்கக் கதைகளிலேயே, எதிர்கால நகரத்தின் சுவர்களிலும் விளம்பரப் பலகைகளிலும் விநோதமான எழுத்துகள் காணப்பட்டன. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு அவை வெறும் அலங்காரம். ரசிகர் சிலர் அப்படி விட்டுவிடவில்லை. வீடியோ நாடாவில் கதையைப் பதிவு செய்தனர். எழுத்து தோன்றும் கணத்தில் படத்தை நிறுத்தினர். குறியீடுகளைத் தாளில் வரைந்தனர். எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணினர். விரைவிலேயே குட்டு வெளிப்பட்டது. ஒவ்வொரு குறியும் ஆங்கிலத்தின் ஓர் எழுத்துக்கு ஈடாக நின்றது. பலகைகளைப் படித்தபோது அவற்றிலும் நகைச்சுவை ஒளிந்திருந்தது.

இதைக் கண்ட எழுத்தாளர்கள் கோபிக்கவில்லை. மாறாக, இன்னும் கடினமான இரண்டாவது எழுத்துமுறை ஒன்றை உருவாக்கி அடுத்த கதைகளில் புகுத்தினர். ரசிகர்கள் அதையும் அவிழ்த்தனர். அம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே விளக்க முயல்வோம்.

நம் மெய்யெழுத்துகள் பதினெட்டு. க் முதல் ன் வரை அவற்றுக்கு 0 முதல் 17 வரை எண் கொடுப்போம். ‘மரம்’ என்ற சொல்லில் உயிரொலிகளை நீக்கினால் ம், ர், ம் என்னும் மூன்று மெய்கள் எஞ்சும். அவற்றின் எண்கள் 9, 11, 9. முதல் எழுத்தை அப்படியே எழுதுக: 9. அடுத்த எழுத்தின் எண்ணை இதனுடன் கூட்டுக: 9 + 11 = 20. பதினெட்டைத் தாண்டியதால் 18-ஐக் கழிக்க, 2. அதனுடன் அடுத்த எண்ணைக் கூட்ட, 2 + 9 = 11. ஆக, நாம் எழுதுவது 9, 2, 11. அதாவது ம், ச், ர். சொல்லில் இருமுறை வந்த மகரம் மறைமொழியில் ஒருமுறை மகரமாகவும் ஒருமுறை ரகரமாகவும் தோன்றுவதைக் காண்க. எழுத்துகளை எண்ணிக் கணக்கிடும் பழைய உத்தி இங்கே பலிக்காது. படிக்க வேண்டுமாயின் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதற்கு முந்தைய எண்ணைக் கழிக்க வேண்டும்; விடை குறையெண் ஆனால் 18-ஐக் கூட்ட வேண்டும். தொடரில் பதினெட்டுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இருபத்தாறு. மற்றபடி முறை இதுவே.

ஆசிரியர் புதிர் போடுகிறார், மாணவர் அவிழ்க்கின்றனர், ஆசிரியர் மகிழ்ந்து கடினமான புதிர் போடுகிறார். இது தொலைக்காட்சியில் நிகழ்ந்தாலும் நல்ல வகுப்பறையின் இலக்கணம் இதுவன்றோ!

இயந்திரங்கள் ஏன் சிரித்தன?

விடுதி அறையில் என்னை விழிக்க வைத்த காட்சிக்கு வருவோம். அது 2000-ஆம் ஆண்டில் வந்த கதை. பெண்டரின் எண் 2716057. அவனைப் போலவே இருக்கும் ஃப்ளெக்சோ என்பவனின் எண் 3370318. இருவரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று ஃப்ரை கேட்கிறான். இரண்டு எண்களையும் இரு கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதே பெண்டர் தரும் விளக்கம். அத்துடன் காட்சி நகர்ந்துவிடுகிறது. எந்தக் கனங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

நாங்கள் அன்றிரவு அதைக் கணக்கிட்டோம். ஃப்ளெக்சோவின் எண்ணை இரண்டால் வகுத்தால் 1685159. அது 119-இன் கனம். எனவே 3370318 = 119³ + 119³. பெண்டரின் எண் எளிதில் வசப்படவில்லை. நள்ளிரவுக்குப் பின்னரே கிடைத்தது. 952-இன் கனம் 862801408. 951-இன் கனம் 860085351. இரண்டின் வேறுபாடு 2716057. அதாவது 2716057 = 952³ + (−951)³.

“குறையெண்ணின் கனத்தைச் சேர்ப்பது கள்ள ஆட்டமில்லையா?” என்றான் நண்பன். நல்ல கேள்வி. கனம் என்றால் குறையெண்ணுக்கும் கனம் உண்டு; ஆதலின் கூற்று பிழையன்று. ஆனால் எதை ஏற்கிறோம், எதை விலக்குகிறோம் என்பதை முதலிலேயே வரையறுக்காவிடில் விடை மாறிவிடும் என்பதையும் அக்கேள்வி உணர்த்துகிறது. இதற்கான சான்று நம் நாட்டுக் கதையிலேயே இருக்கிறது.

கும்பகோணம் வரை ஒரு நூலிழை

இத்தொடரில் 1729 என்ற எண் அடிக்கடி தலைகாட்டும். 1999-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் கதையில் பெண்டருக்கு வரும் வாழ்த்து அட்டை அவனை 1729-ஆவது மகன் என்று அழைக்கிறது. ‘நிம்பஸ்’ என்ற விண்கப்பலின் எண்ணிலும் 1729 உண்டு. 2003-இல் வந்த ஒரு கதையில் பல பேரண்டங்கள் பெட்டிகளுக்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் எண் 1729. ரசிகர்கள் ஒவ்வொரு புதிய கதையிலும் இந்த எண்ணைத் தேடுவதைப் பழக்கமாகவே கொண்டனர்.

இது யாருடைய எண் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இலண்டனில் நோயுற்றுப் படுத்திருந்த சீனிவாச இராமானுசனைக் காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இராமானுசனோ, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று உடனே விடையிறுத்தார்.

1729 = 12³ + 1³ = 10³ + 9³

நண்பனின் கேள்வியை இங்கே பொருத்திப் பார்ப்போம். குறையெண்களையும் அனுமதித்தால் 91 என்ற எண் முந்திக்கொள்கிறது: 4³ + 3³ = 91; 6³ + (−5)³ = 91. எனவே இராமானுசன் கூறியது மிகையெண்களை மனத்திற்கொண்டே என்பது தெளிவு.

அந்த இராமானுசன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி, பிற பாடங்களைப் புறக்கணித்ததால் அவ்வுதவித்தொகையை இழந்தார். நம்முடையதைப் போன்றதோர் அரசினர் கல்லூரியின் பெஞ்சில் அமர்ந்திருந்த ஒருவரின் எண், அமெரிக்கச் சித்திரத் தொடர் ஒன்றில் நகைச்சுவையாக மாறி, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் ரசிகர்களைப் பெற்றிருக்கிறது. பெருமைப்படலாம், ஆனால் பெருமைப்படுவது எளிது. அந்த ரசிகர்களில் ஒருவராவது எளிதன்று.

கரும்பலகையில் ஒரு தேற்றம்

2010 ஆகஸ்ட் 19-இல் ஒளிபரப்பான கதை இத்தொடரின் ரசிகர்களிடையே தனிச்சிறப்புப் பெற்றது. அதில் விஞ்ஞானி ஓர் இயந்திரத்தைப் படைக்கிறார். இருவர் அதில் அமர்ந்தால் அவர்களின் உள்ளங்கள் உடல் மாறிவிடும். ஆனால் ஒருமுறை மாறிய அதே இரு உடல்கள் மீண்டும் தமக்குள் மாறிக்கொள்ள இயலாது. நகைச்சுவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆளாளுக்கு மாறி மாறி, யார் உடலில் யார் என்று தெரியாத அளவுக்குக் குழப்பம் முற்றுகிறது.

குழப்பத்தைத் தீர்க்கக் கதாசிரியர் கென் கீலர் ஒரு தேற்றத்தையே நிறுவினார். எத்தனை பேர் எப்படி மாறியிருந்தாலும், இயந்திரத்தில் இதுவரை அமராத இருவரைச் சேர்த்துக்கொண்டால் அனைவரையும் அவரவர் உடலுக்குத் திருப்பிவிடலாம் என்பது அத்தேற்றம். அதன் நிறுவல் திரையில் ஒரு பலகையில் சில நொடிகளே தெரியும். ரசிகர்கள் அதை நிறுத்திப் படித்தனர்; வரிக்கு வரி சரிபார்த்தனர்.

மிக எளிய நிலையை நாமும் சரிபார்க்கலாம். கண்ணன், முருகன் இருவரும் மாறிவிட்டனர் என்க. கண்ணன் உடலில் முருகன் உள்ளம்; முருகன் உடலில் கண்ணன் உள்ளம். உதவிக்கு வள்ளி, செல்வி என இருவர் வருகின்றனர்.

1. கண்ணன் உடலும் வள்ளி உடலும் அமர்கின்றன. இப்போது கண்ணன் உடலில் வள்ளி. வள்ளி உடலில் முருகன்.
2. முருகன் உடலும் செல்வி உடலும் அமர்கின்றன. முருகன் உடலில் செல்வி. செல்வி உடலில் கண்ணன்.
3. கண்ணன் உடலும் செல்வி உடலும். கண்ணன் தன் உடலுக்கு வந்துவிட்டான். செல்வி உடலில் வள்ளி.
4. முருகன் உடலும் வள்ளி உடலும். முருகன் தன் உடலுக்கு வந்துவிட்டான். வள்ளி உடலில் செல்வி.
5. வள்ளியும் செல்வியும் மாறிக்கொள்ள, எல்லாம் சரியாயிற்று.

ஐந்து மாற்றங்களில் எந்த இணையும் இருமுறை வரவில்லை. கண்ணன், முருகன் இணை ஒருமுறைகூட வரவில்லை. குலக் கோட்பாட்டில் வரிசைமாற்றம் என்று நாம் மனப்பாடம் செய்யும் பகுதியே இது. இத்தேற்றத்தை மேலும் ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி’ என்ற புகழ்பெற்ற கணித இதழிலும் வெளிவந்தது. சிரிப்பூட்ட எழுதிய ஒன்று ஆய்விதழ் வரை சென்றதென்றால், இடையில் அதைச் சரிபார்த்தவர்கள் இருந்தனர் என்பதே காரணம்.

அழுகையும் ரசனையே

ரசிகர்கள் கணக்கு மட்டும் போட்டனர் என்று எண்ணிவிடலாகாது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது நகையை முதலில் வைத்து, அழுகையை அதற்கு அடுத்தே வைத்தார். 2002 நவம்பர் 17-இல் வந்த கதை அவ்வரிசையின் பொருத்தத்தைக் காட்டியது.

ஃப்ரை தன் பழைய நாயின் புதைபடிவத்தைக் காண்கிறான். அறிவியல் அதை உயிர்ப்பிக்க வல்லது. ஆனால் தான் மறைந்த பின் அது மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததென அறிந்து, தன்னை மறந்து இன்புற்றிருக்கும் என்றெண்ணி, உயிர்ப்பிக்காமல் விட்டுவிடுகிறான். கடைசிக் காட்சி நமக்கு உண்மையைக் காட்டுகிறது. அந்த நாய் பீட்சாக் கடை வாயிலில் மழையிலும் பனியிலும் அவனுக்காகக் காத்திருந்து மூப்பெய்திக் கண் மூடுகிறது. சிரிக்க அமர்ந்தவர்கள் கண் துடைத்து எழுந்தனர். மீண்டும் அதைப் பார்க்கத் துணிவில்லை என்று கூறும் ரசிகர்கள் இன்றும் உளர்.

2007-இல் வந்த முழுநீளப் படத்தில், காலப் பயணத்தால் இரண்டான ஃப்ரைகளுள் ஒருவன் பழைய காலத்திற்குச் சென்று அந்த நாயுடன் வாழ்ந்ததாகக் காட்டினர். ஆறுதலடைந்தோர் உண்டு. பழைய துயரத்தின் ஆழத்தைக் குறைத்துவிட்டார்களே என்று வருந்தியோரும் உண்டு. தம்மை அழ வைத்த கதையை மாற்றவேண்டாம் என்று கேட்பதும் ஒருவகைச் சரிபார்த்தலே. எண்ணுக்கு விடை சரியா என்று கேட்பது போலவே, உணர்ச்சிக்கும் விடை சரியா என்று அவர்கள் கேட்டனர்.

உரிமையும் அதன் எல்லையும்

2003-இல் இத்தொடர் நின்றுபோயிற்று. மறு ஒளிபரப்புகளிலும் டி.வி.டி. தட்டுகளிலும் ரசிகர்கள் அதை விடாமல் பார்த்தனர். அதன் பயனாக 2007 முதல் 2009 வரை நான்கு படங்களும், 2010 முதல் 2013 வரை வேறொரு தொலைக்காட்சி நிலையத்தில் புதிய கதைகளும் வந்தன. மீண்டும் நின்ற தொடர் 2023 ஜூலை 24-இல் மூன்றாம் முறையாக உயிர்பெற்றது. 2022-இல் இம்மறுபிறப்பு அறிவிக்கப்பட்டபோது, பெண்டருக்குக் குரல் கொடுத்த ஜான் டிமாகியோ ஒப்பந்தத்தில் சேரவில்லை. வேறு குரலை ஏற்கமாட்டோம் என்று ரசிகர்கள் முழங்கினர். சில வாரங்களில் அவர் திரும்பிவந்தார்.

இவ்விடத்தில் ரசிகர்களின் குறையையும் கூறுவதே நேர்மை. நீண்ட நாள் நேசித்தவர்களுக்கு அது தம் சொத்து என்ற எண்ணம் வந்துவிடுகிறது. புதிய கதை வந்த இரவே, முழுதும் பார்க்கும் முன்னரே, பழைய சுவை இல்லை என்று தீர்ப்பளிப்போர் உண்டு. பழைய சுவை என்று அவர்கள் கூறுவதில் பாதி அவர்களின் பழைய வயதே. அன்றன்றைய செய்திகளைக் கேலி செய்யும் புதிய கதைகள் விரைவில் பழசாகிவிடும் என்ற குறைகூறலில் உண்மை இருக்கலாம். ஆனால் அதையும் இருமுறை பார்த்து, எது பொருந்தவில்லை என்று காட்டிச் சொல்வதே ரசனை. எடுத்த எடுப்பில் போற்றுவதும் எடுத்த எடுப்பில் தூற்றுவதும் ஒன்றே. இரண்டிலும் சரிபார்த்தல் இல்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று விளங்கும். இத்தொடரின் எழுத்தாளர்கள் தம் ரசிகர்களை அறிவிலிகள் என்று கருதவில்லை. சில நொடியே தெரியும் பலகையிலும் பிழையற்ற நிறுவலை எழுதினர். யாரோ ஒருவர் நிறுத்திப் பார்ப்பார் என்று நம்பினர். ரசிகர்களும் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. படைப்போருக்கும் நுகர்வோருக்கும் இடையிலான இந்த மரியாதையே இத்தொடரை இருமுறை சாவிலிருந்து மீட்டது எனலாம்.

நம் வகுப்பிலும் பேராசிரியர்கள் கரும்பலகையில் நிறுவல்களை எழுதுகின்றனர். நாம் படியெடுக்கிறோம், தேர்வில் திருப்பி எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். “நீ எதுக்குடா சிரிச்சே?” என்று என் நண்பன் கேட்டதைப் போல, “நீ எதற்குத் தலையசைத்தாய்?” என்று யாரேனும் கேட்டால் நம்முள் எத்தனை பேரிடம் விடை உண்டு? அன்றிரவுக்குப் பின் வகுப்பில் நான் தலையசைப்பதைக் குறைத்துக்கொண்டேன். கை தூக்குவதைச் சற்றுக் கூட்டியிருக்கிறேன். முதல் நாள் கூச்சமாகத்தான் இருந்தது.

வாசக நண்பர்களுக்கு ஒரு கணக்கை விட்டு முடிக்கிறேன். 2007-இல் வந்த படத்தில் ஒரு வாடகைக் கார் தோன்றும். அதன் எண் 87539319. இதை இரு மிகையெண்களின் கனங்களாக மூன்று வழிகளில் எழுதலாம். அவ்வாறு எழுதத்தக்க எண்களுள் இதுவே மிகச் சிறியது. அவற்றுள் இரண்டு வழிகள்:

87539319 = 167³ + 436³ = 228³ + 423³

மூன்றாவதில் ஒரு கனம் 255-க்குரியது. மற்றொன்றை நீங்களே கண்டுபிடியுங்கள். கொடுத்துள்ள இரண்டு வழிகளையும் நம்பிவிடாமல் பெருக்கிப் பாருங்கள்.